அடுப்புக்கும் ஒருநாள் ஓய்வு

சகோதரிகளே! படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனில் கணவனும் மனைவியுமாகக் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டால், உளூவுக்குத் தண்ணீரும் கையோடு வருகிறது. வளைவுகள் நிறைந்த கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன் காஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள். மேலே, இவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தைக் காணலாம்.

அடுத்தது பேராதனைப் பூங்கா. 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்தோடுகிறது.

மாலையில் கண்டி நகரம். கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவியைச் சுற்றி இருவருமாக நடந்து வாருங்கள்.

வழியெல்லாம் சமைத்துக்கொண்டே இருந்தால், குசினியைத்தானே கண்டிக்கு இழுத்துவந்தோம்? பகல் சோற்றை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். தேத்தண்ணீரை அவர் ஊற்றட்டும். நீங்கள் யன்னலோரம் அமர்ந்து மலையைப் பாருங்கள்.