"நீ வர வேணாம்மா... போன்லயே சொல்லிக் குடு!" - நாலு தக்காளியில் தொடங்கிய 61 வயது சமையல் பாடம்

மனைவி ஊருக்குப் போகிறார் என்றால், அந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாலே தெரிந்துவிடும். ஒரு டப்பாவில் புளிக்காய்ச்சல், பெரிய தூக்கில் இட்லி மாவு, பாட்டிலில் பருப்புப்பொடி. 'மாவு வியாழக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க' என்று கதவில் ஒரு சீட்டு வேறு. தனக்கான பெட்டியைக் கட்ட அரை மணி நேரம்தான். விட்டுவிட்டுப் போகிறவருக்குச் சாப்பாடு கட்டி வைக்கத்தான் பல பெண்களுக்கு இரண்டு நாள் ஆகிறது.

நாலு நாள், ஒரு வாரம் என்றால் இப்படிச் சமாளித்துவிடலாம். மூன்று மாதம் என்றால்?

சென்னை அம்பத்தூரில் இருக்கும் ஒரு தம்பதிக்கு இந்தக் கேள்வி வந்தது. கணவருக்கு 61 வயது. எஸ்டேட்டில் 34 வருடம் லேத் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். டீ போடத் தெரியும், சாதம் வைக்கத் தெரியும். அதற்கு மேல் அடுப்படியில் அவருக்கு வேலை இருந்ததில்லை. மகள் ஓசூரில் இருக்கிறார். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவருக்கு, இந்த முறை மூத்த பையனின் ஸ்கூலை விட்டுவிட்டு வர முடியவில்லை. அம்மாதான் போயாக வேண்டும்.

ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் ஒரு வாரத்தில் காலி. அதன்பிறகு மதியம் மெஸ், ராத்திரி தெருமுனைக் கடை பரோட்டா. அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. மூன்றாவது வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனார். வெறும் வயிற்றில் 198. எப்போதும் 130-ஐ ஒட்டித்தான் இருக்கும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது மனைவியின் வாட்ஸ்அப்புக்கு. லேபில் எட்டு வருடமாகக் கொடுத்து வைத்திருப்பது அவர் நம்பரைத்தான்.

அன்று ராத்திரியே போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை கிளம்பி வந்துடறேங்க."

குழந்தை பிறந்து ஒன்பதாவது நாள். மகளுக்குத் தையல்கூட ஆறவில்லை.

"பச்சை ஒடம்புக்காரிய விட்டுட்டு எங்க வர்றது? நீ வர வேணாம்மா. போன்லயே சொல்லிக் குடு. நான் பண்ணிக்கறேன்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்ல என்ன இருக்கு?" என்றார் மனைவி.

"நாலு தக்காளி இருக்கு. வெங்காயம் இருக்கு."

"போதும்" என்றார்.

வெர்னியரும் கண்ணளவும்

முதல் பாடம், தக்காளிச் சட்னி. நாலு தக்காளி, இரண்டு வெங்காயம், நாலு காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு. எண்ணி எடுக்கக்கூடியவை என்பதால் அதுவரை சிக்கலில்லை. "எண்ணெய் கொஞ்சம் ஊத்துங்க" என்றபோதுதான் சண்டை ஆரம்பித்தது.

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"கண்ணளவுதாங்க."

வெர்னியர் வைத்து மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வரை அளந்து பழகிய மனிதருக்குக் 'கண்ணளவு' என்பது ஓர் அளவே இல்லை. "ஒரு கைப்பிடின்னா உன் கையா, என் கையா?" என்றெல்லாம் கேட்டார். கடைசியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் என்று முடிவானது. பழைய தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.

பருப்பும் மிளகாயும் சிவந்ததும் பூண்டு, வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் தக்காளி, கூடவே உப்பு. உப்பு தக்காளியிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், சீக்கிரம் குழையும். அந்தத் தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்கினால்தான் பச்சை வாசனை போகும். அதையெல்லாம் சரியாகச் செய்தார். கொதிக்கக் கொதிக்க அப்படியே மிக்ஸியில் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். சூட்டில் ஆவி கிளம்பி மூடி தெறித்தது. சட்னி சுவரெல்லாம் சிவப்பு.

"ஆற வெச்சு அரைக்கணும்னு சொல்லவே இல்லையே!"

"அதெல்லாமா சொல்வாங்க?" என்று கேட்ட மனைவிக்கே பிறகு சிரிப்பு வந்துவிட்டது. 30 வருடத்துக்கு மேல் தினமும் செய்ததில், எதைச் சொல்ல வேண்டும், எது தானாகத் தெரியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அன்று முதல் அவரும் யோசித்து யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். காலண்டர் தாளில் முதல் வரியாக ஏறியது: 'ஆறிய பிறகு அரை. தண்ணீர் ஊற்றாதே.'

மறுநாள் காலை மூன்று இட்லியும் தக்காளிச் சட்னியும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியது. உப்பு ஒரு கல் தூக்கல். ஆனாலும் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

தக்காளியிலும் ஆள் பார்க்க வேண்டும்

இரண்டாவது பாடம், ரசம். இங்கேதான் கடையில் எந்தத் தக்காளியை வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. மேலே மடிப்பு மடிப்பாக, தோல் மெல்லிசாக, அழுத்தினால் நீர் விடுகிற நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு அதிகம். ரசத்துக்கும் குழம்புக்கும் அதுதான் பொருத்தம். நீள்வாட்டில், தோல் தடித்து, சதைப்பற்றோடு இருக்கும் ஹைபிரிட் தக்காளி நாலு நாள் தாங்கும். சட்னிக்கும் தொக்குக்கும் அது கெட்டியாக வரும். சென்னைக் கடைகளில் நவீன் தக்காளி, பெங்களூர்த் தக்காளி என்றெல்லாம் சொல்வது இந்த வகையைத்தான். ரசத்துக்கு ஹைபிரிட்தான் கிடைத்தது என்றால் புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். வாங்கியதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் திணிக்கக் கூடாது என்பதும் அன்றைய பாடத்தில் ஒன்று. குளிரில் தக்காளியின் மணம் மங்கிவிடும். நன்றாகக் கனிந்து, இனி தாங்காது என்றால் மட்டும் உள்ளே வைத்தால் போதும்.

மூன்று நாட்டுத் தக்காளியைக் கையாலேயே பிசைந்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம் போட்டுக் கொதிக்க விட வேண்டும். ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டைத் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும். புளியின் பச்சை வாசனை போனதும் தட்டியதைச் சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, நுரை கட்டி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும்.

"கொதிச்சா என்ன ஆகும்?"

"ரசம் ரசமா இருக்காது. வாசனை எல்லாம் ஆவியோட போயிடும். நுரை வரும்போது பக்கத்துலயே நில்லுங்க, டி.வி பக்கம் போயிடாதீங்க."

அவர் நின்றார். 34 வருடம் சுழலும் இரும்பின் முன்னால் கண் சிமிட்டாமல் நின்றவருக்கு, ஐந்து நிமிடம் ரசத்தின் முன்னால் நிற்பது பெரிய வேலையில்லை. அந்த ரசம் முதல் தடவையே சரியாக வந்தது. ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, வேறெதுவும் எழுதாமல் போட்டோ மட்டும் எடுத்து அனுப்பினார்.

பருப்பு ஏன் வேகவில்லை?

மூன்றாவது முயற்சி யாரையும் கேட்காமல் செய்தது. இரண்டு வெற்றிகளின் தைரியம்! துவரம்பருப்பு, தக்காளி, புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டார். திறந்தால், பருப்பு முழுசு முழுசாக நின்றது. இன்னும் மூன்று விசில். அப்போதும் மசியவில்லை.

காரணம் புளிப்பு. புளியிலும் தக்காளியிலும் இருக்கும் அமிலம், பருப்பு மிருதுவாவதைத் தாமதப்படுத்தும். பருப்பை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுத் தனியாகக் குழைய வேகவைத்து, பிறகுதான் வதக்கிய தக்காளியைச் சேர்க்க வேண்டும். புளி வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் கடைசியில். அப்படிச் செய்தால் 25 நிமிடத்தில் தக்காளிப் பருப்பு தயார். கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், பச்சை மிளகாய் தாளித்தால் சாதத்துக்கும் ஆகும், சப்பாத்திக்கும் ஆகும்.

"எங்கம்மா இதைத்தான் 'மொதல்ல பருப்பு, அப்புறம்தான் புளிப்பு'ன்னு சொல்வாங்க" என்றார் மனைவி. காலண்டர் தாளில் அடுத்த வரியாக அது ஏறியது.

அந்த அம்மாவின் சமையலில் தக்காளி அவ்வளவாக இருந்ததில்லை. புளியும் எலுமிச்சையும்தான் புளிப்பு. தக்காளி தென் அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியர்களின் கப்பலேறி வந்த காய். மிளகாயும் உருளைக்கிழங்கும்கூட அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். பல வீடுகளில் இன்றும் திவசச் சமையலில் தக்காளி சேர்ப்பதில்லை. பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி, இன்று அது இல்லாமல் அடுப்பே பற்றாது என்ற நிலைக்கு வந்துவிட்டது.

விலை இறங்கினால் தொக்கு

இந்தத் தம்பதியின் தினசரிப் போன் பேச்சில் ஒரு விலை நிலவரமும் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் தக்காளி விளையும் பூமி. ஓசூரிலிருந்து அவர், "ராயக்கோட்டைத் தக்காளி இங்க கிலோ பதினஞ்சு ரூபா. அங்க?" என்பார். "முப்பத்தஞ்சு" என்று அம்பத்தூரிலிருந்து பதில் வரும். இரண்டு விலைக்கும் நடுவில் லாரி வாடகை, கமிஷன், கூலி, அழுகிப்போகும் பழம் எல்லாம் இருக்கிறது. ரொம்பவும் விலை விழும்போது பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் செடியிலேயே விட்டுவிடுவதும், ரோட்டில் கொட்டுவதும் அந்தப் பக்கத்தில் புதிதல்ல. அதே தக்காளிதான் 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அப்போது அந்த வீட்டில் ஒரு மாதம் வெறும் புளி ரசம்தான்.

அதனால்தான் நாலாவது பாடமாகத் தொக்கைச் சொன்னார் மனைவி. விலை இறங்கும் வாரத்தில் செய்து வைத்துக்கொண்டால், ஏறும் வாரத்தில் கை கொடுக்கும். ஒரு கிலோ ஹைபிரிட் தக்காளியை நறுக்கி, 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து வதக்க வேண்டும். இரும்புக் கடாய் வேண்டாம். புளிப்பில் நிறம் கறுத்து, இரும்பு வாடை வரும். அலுமினியமும் வேண்டாம். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். பாதி சுண்டியதும் இரண்டு டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது, வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் ஒரு டீஸ்பூன், கொஞ்சம் பெருங்காயம். முக்கால் மணி நேரம் ஆகும்.

ஒரு கிலோ தக்காளி கடைசியில் ஒரு சின்ன பாட்டிலுக்குள் அடங்கியதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான். அதை வெளியேற்றத்தான் இத்தனை நேரம். நன்றாக ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத ஸ்பூனால் எடுத்தால் சில வாரங்கள் தாங்கும்.

மூன்று மாதம் ஓடியது

ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை. 138. தக்காளி சர்க்கரைக்கு மருந்தல்ல. பரோட்டா நின்றது, ராத்திரிச் சாப்பாடு பத்து மணியிலிருந்து ஏழரைக்கு வந்தது, மாத்திரையும் நடையும் தவறவில்லை. அதுதான் காரணம். ஆனால் ஏழரைக்கு வீட்டில் சாப்பிட வேண்டுமென்றால் வீட்டில் ஏதாவது இருக்க வேண்டுமே! அந்த 'ஏதாவது'தான் இந்த நாலு தக்காளிச் சமையல்.

இந்த முறை ரிப்போர்ட்டைப் பார்த்த மனைவி, "சரிங்க, தொண்ணூறு நாள் முடிச்சுட்டே வர்றேன்" என்றார். திருமணமாகி 33 வருடத்தில், யாருக்கும் எதுவும் சமைத்து வைக்காமல், யார் என்ன சாப்பிட்டார்களோ என்ற கவலை இல்லாமல் அவர் தூங்கிய நாள்கள் அவை. பேத்தியை மடியில் போட்டுக் குளிப்பாட்டினார், மகள் நிம்மதியாகப் படுத்தாள். அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால், வீட்டில் இன்னொருவருக்கும் அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்தால்தான் ஒரு பெண்ணால் கவலையில்லாமல் ஊருக்குப் போக முடிகிறது. சமையல் தெரிவது ஆணுக்குப் பெருமையோ தியாகமோ இல்லை, சைக்கிள் ஓட்டத் தெரிவதைப் போல ஒரு கைப்பழக்கம். அதற்கு 61 வயதும் தாமதமில்லை.

காலண்டர் தாள்கள் இப்போது நூல் கோத்து அடுப்படி ஆணியில் தொங்குகின்றன. போன வாரம் பழைய லேத் ஷாப் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் மனைவிக்கு முட்டி ஆபரேஷன், இரண்டு மாதம் நிற்கக் கூடாது.

"அண்ணே, ரசத்துக்குப் புளி எவ்ளோ போடணும்?"

"நெல்லிக்காய் அளவு" என்று டைப் செய்து அனுப்பினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த மெசேஜையும் தட்டினார். "தராசுல வெச்சுப் பார்த்துட்டேன் தம்பி. பன்னெண்டு கிராம்."