பனி வாருகிற ஊர்

எனக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழிப் பனிதான். காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. புல்நுனியில் நிற்பதும் பனி, மாண்ட்ரியால் நகரத்தில் இடுப்பளவு கிடப்பதும் பனி என்று நம் பாஷை இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறது. பாஷையின் மேல் குற்றமில்லை. அதைப் பேசினவர்களுக்குப் பனியை வாரிக் கொட்டுகிற வேலை இருந்ததில்லை.

மாண்ட்ரியாலில் என் தங்கை இருக்கிறாள். மாப்பிள்ளை காலமாகி ஒரு வருஷம். "அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடு" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் பிடித்துக்கொண்ட பனி, மறுநாள் விடிகிற வரையில் விடவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் ஒரு கார் இல்லை. வரிசையாக வெள்ளை மேடுகள். கார்கள் அந்த மேடுகளுக்குள்ளேதான் இருக்கின்றன என்றாள் தங்கை.

"இன்றைக்கு ஊரே லீவாக்கும்?" என்றேன்.

"லீவா? எட்டேகாலுக்கு நான் பஸ் பிடிக்கணும் அண்ணா" என்று பூட்ஸை மாட்டிக்கொண்டாள். பஸ்ஸும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

வருஷத்துக்குச் சுமார் இரண்டு மீட்டர் பனி விழுகிற ஊர் அது. தெருவும் நடைபாதையுமாகச் சேர்த்து 10,000 கிலோமீட்டர். மழையென்றால் வடிந்து ஓடிவிடும். இது கிடந்த இடத்திலேயே கிடக்கும்; அடுத்தது அதன் மேல் விழும். ஓரமாகத் தள்ளி வைத்தால் போதாது, வாரிக்கொண்டு போயாக வேண்டும். 1971 மார்ச்சில் ஒரே புயலில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, உயிர்ச்சேதமே உண்டாயிற்று.

முதலில் உப்பைத் தூவுகிறார்கள். குளிர் மிஞ்சிவிட்டால் உப்பு பலிக்காது, பொடிக்கல்தான். நடைபாதைக்கென்றே சின்னஞ்சிறு யந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். குடுகுடுவென்று அது ஓடி வருகிற வேகத்துக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். பிறகு தெருவில் ஆரஞ்சு நிறப் பலகை முளைக்கும்: இன்ன நேரத்தில் இங்கே கார் நிற்கக் கூடாது. அன்று ராத்திரி ஏதோ சங்கு அலற, யுத்தம்தான் வந்துவிட்டதென்று எழுந்து உட்கார்ந்தேன். காரை எடுக்காதவர்களுக்கு அது கடைசி எச்சரிக்கையாம். அதற்கும் எழுந்திருக்காதவன் காரைக் கட்டி இழுத்துப் போய் அடுத்த தெருவில் விட்டுவிடுகிறார்கள். காலையில் தெருத் தெருவாகத் தேட வேண்டியது அவன் பாடு.

பின்னால் பெரிய யந்திரம் வந்தது. பனியை அள்ளி, துதிக்கை மாதிரி ஒரு குழாயால் பக்கத்தில் ஊர்கிற லாரிக்குள் பீச்சி அடித்தது. சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் நிற்குமே, அப்படி லாரிகள். இது முன்பு செயின்ட் லாரன்ஸ் நதிக்குப் போயிற்று. உப்பும் குப்பையும் கலந்த பனி நதிக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது கொஞ்சம் சாக்கடைக்குள் இறங்குகிறது. ஒரு பெரிய பங்கு ஃபிராங்கோன் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்கு. ஞாயிற்றுக்கிழமை தங்கை அழைத்துப் போய்க் காட்டினாள். பள்ளத்துக்குள் ஒரு மலை, சாம்பல் நிறத்தில்.

"ஆடி மாசம் வந்து பார். அப்பவும் கறுப்பாக் கொஞ்சம் கிடக்கும்" என்றாள்.

நகரசபை தெருவோடு சரி. படிக்கட்டு வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த ஊரில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, இரும்பில், வளைந்து வளைந்து இறங்கும், எவன் யோசனையோ! நான் புறப்படுவதற்கு முதல் நாளும் பனி விழுந்திருந்தது. இன்று நான் வாருகிறேன் என்று வீம்பாக இறங்கினேன். நாலு வாரல், முதுகு பிடித்துக்கொண்டது.

"தூக்காதே, தள்ளு" என்று மண்வாரியை வாங்கிக்கொண்டாள். "அவர் இருந்தவரைக்கும் நானும் இதைத் தொட்டதில்லை."

கடைசிப் படி வரை தள்ளினாள். கீழ்வீட்டுக் கிழவியின் வாசலையும் சேர்த்து வாரினாள். கண்ணாடிக்கு உள்ளிருந்து கிழவி விரலால் தட்டி, பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். இவளும் பிரெஞ்சிலேயே பதில் கத்தினாள். முடித்து நிமிர்வதற்குள் நடைபாதை யந்திரம் ஓடி வந்து, வாரிய இடத்தில் வரப்பாக ஒரு பனிக்கரையை வைத்துவிட்டுப் போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"அம்மா ஏதோ சொல்லி அனுப்பினாளாமே? நீ சொல்லவே இல்லையே அண்ணா" என்றாள், தலை நிமிராமல்.

"காதுக்கு மஃப்ளர் கட்டிக்கொள்ளச் சொன்னாள்" என்றேன்.