யானைக்கு வழிவிட்ட மாலை

மோட்டார் சைக்கிளில் நெடுவழி செல்வதில் எனக்குள்ள பற்று, ஐம்பதைக் கடந்த பின்னும் தணிந்தபாடில்லை. சென்ற வழிகளுள் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது, கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. திதிவாங்சா மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் இச்சாலை 1982-இல் திறக்கப்பெற்றது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி ஓயாத அத்தொடக்க ஆண்டுகளில் இரவில் இதனை மூடிவிடுவர்.

ஒருமுறை தெமெங்கோர் ஏரிப் பாலத்தைக் கடந்து மலையேறுகையில் அந்தி மயங்கிற்று. வளைவொன்றில் சூடு ஆறாத யானைச் சாணம். அப்பால் மூங்கில் முறியும் ஓசை. (எச்சரிக்கைப் பலகையின் அருகே நின்று படம் பிடித்துக்கொள்வோர் சாணத்தைக் கவனிப்பதில்லை!) வண்டியை நிறுத்தி விளக்கையும் அணைத்தேன். பின்னால் வந்த லாரியும் நின்றது. யானையும் கன்றும் சாலையைக் கடக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. பள்ளியில் நூற்றுக்கணக்கான மாணவரை அதட்டி நிறுத்தும் எனக்குக் கால்கள் நடுங்கின. லாரி ஓட்டுநரான மலாய் அன்பர், தம் குடுவையிலிருந்து காப்பி ஊற்றித் தந்தார்; ஜெலி வரை தம் விளக்கொளியில் என்னை முன்னே செல்லவிட்டு, மெல்லப் பின்தொடர்ந்தார். அவர் பெயரைக் கேட்க மறந்தேன்.

இப்போது முழங்கால் வலிக்கிறது. வண்டியை விற்றுவிடுமாறு மகள் வற்புறுத்துகிறாள். இல்லாளோ ஒன்றும் சொல்வதில்லை; மழையங்கியை மட்டும் மடித்து வைக்கிறாள். இருட்டிய பின் அம்மலையில் ஏறுவதில்லை என மகளுக்கு வாக்களித்திருக்கிறேன்.