தளர்ந்த கதவுப் பிடி

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, ஏலவே ஓடிக்கொண்டிருந்த பழைய கார்கள் எல்லாம் பெறுமதியான சொத்துக்களாக மாறின. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 350 ஐக் கடந்ததும், உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிச்சுமையினால் புதிய கார் என்பது நடுத்தர வர்க்கத்தினருக்கு எட்டாக்கனியே. எனவே எம்மிற் பலர் பழைய காரையே பேணி வருகிறோம்.

என்னுடைய ஜப்பானியக் காரின் இடப்பக்கப் பின்கதவு வெளிப்பிடி அண்மையில் ஆடத் தொடங்கியது. அக்கதவருகேதான் என் பேரன் அமர்வது வழக்கம். சிறுவர் பூட்டுப் போட்டிருப்பதால் உள்ளிருந்து அதனைத் திறக்க முடியாது. வெளிப்பிடியும் கைவிட்டால் அக்கதவு சுவருக்குச் சமம். விபத்துச் செய்திகளைப் பல்லாண்டுகள் எழுதியவன் என்ற முறையில், ஓடிவந்து உதவுபவரின் கை முதலில் தேடுவது வெளிப்பிடியைத்தான் என்பதை நான் அறிவேன்.

கராஜ் ஒன்றிலே, உட்பலகையைக் கழற்றிப் பிடியையே மாற்றவேண்டும் என்றார்கள். கேட்ட தொகை மலைக்கவைத்தது. வீட்டு முற்றத்தில் நானே பார்ப்பது என முடிவு செய்தேன்.

இவ்வகைக் கார்கள் பலவற்றில் உட்பலகையைத் தொடவே வேண்டியதில்லை. கதவைத் திறந்து அதன் பின்விளிம்பை நோக்கினால், பிடியின் மட்டத்திலே சிறியதொரு மூடி தென்படும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு ஸ்குறூ. தலையில் நட்சத்திர வடிவப் பள்ளம். பெரும்பாலும் டி30 அளவுச் சாவி பொருந்தும். பிடிக்குப் பின்னாலுள்ள சிறிய மூடித்துண்டை இறுக்கி வைத்திருப்பது இதுவே. ஆண்டுக்கணக்கான அதிர்வில் இது தளர்ந்தால் பிடியும் ஆடும். அளவோடு இறுக்கினாற் போதும். வலுவைக் காட்டினால் புரி அழிந்துவிடும்.

என் காரில் இறுக்கிய பின்னரும் சிறிது ஆட்டம் எஞ்சியிருந்தது. ஸ்குறூவை முழுவதும் கழற்றாமல் தளர்த்தி, மூடித்துண்டை வெளியே எடுத்து, பிடியைப் பின்னோக்கி நகர்த்தி இழுத்தேன். பிடி வந்துவிட்டது. அதற்கும் கதவுத் தகட்டுக்கும் இடையிலிருந்த மெல்லிய ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் அந்த ரப்பர் கிடைத்தது. முன்முனையின் கொளுவி உடைந்திருந்தால் பிடியைத்தான் மாற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் இழுபடும் அந்த இடத்தில் பசை நிலைக்காது.

வேலை முடிந்ததும் கதவை உடனே சாத்திவிடாதீர்கள். முதலில் சிறுவர் பூட்டை எடுத்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போதே, பூட்டின் நாக்கை ஸ்குறூட்றைவர் முனையால் அழுத்திப் பூட்டிய நிலைக்குக் கொண்டுவந்து, வெளிப்பிடியை இழுத்துப் பாருங்கள். நாக்கு விடுபட்டால் மட்டுமே சாத்தலாம். இல்லையேல் இருபுறமும் திறக்கவியலாத கதவோடு கராஜுக்கே போகநேரிடும்.

ரப்பருக்கான சிறு தொகையும் அரைமணி நேரமுமே செலவு. பிடி இப்போது ஆடுவதில்லை. மாதமொரு முறை நான்கு பிடிகளையும் வெளியிலிருந்து இழுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டுள்ளேன்.