தோப்பின் தலையைத் தரை என்று வரைந்தேன்

செங்கல் ஊரின் ஏலாக்களுக்கு, அதாவது வயல்களுக்கு, நான் வரைந்து கொடுத்த வெள்ள வரைபடம் தப்பு. அது தப்பு என்று தெரிந்த பிறகும் பல நாள் வாய் திறக்காமல் இருந்தேன். வெட்கம்தான் காரணம்.

2021 நவம்பர் மழையில் பாறசாலைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் சிலர், எந்த வீடு தாழ்வில் இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று என்னிடம் கேட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை வைத்தே சொல்லிவிடலாம் என்றேன்.

எடுத்தது எஸ்.ஆர்.டி.எம். என்ற உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் வைத்து அளந்தது. எல்லோரும் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து செய்த கார்ட்டோடெம் உயரத் தரவையும் புவன் தளத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். செங்கல் முழுக்க மைனஸ் எண்கள். குப்பை என்று மூடிவிட்டேன். அது குப்பை அல்ல. அந்தத் தரவு உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து எண்ணுவதில்லை. பூமிக்குக் கணக்கில் வகுத்த வழுவழுப்பான நீள்கோளப் பரப்பிலிருந்து எண்ணுகிறது. நம் தென்கோடியில் கடல் மட்டமே அந்தப் பரப்புக்கு 90 மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டினால் உயரம் வந்துவிடும். கூடவே இருந்த விவரக் குறிப்பைப் படிக்க எனக்குச் சோம்பல்.

இதைவிடப் பெரிய தப்பு மரத்தில் நடந்தது. அடர்ந்த தோப்பில் ரேடார் அலை மண் வரை இறங்காது. இலைக்கும் கிளைக்கும் நடுவிலேயே திரும்பிவிடும். செங்கலில் விளையெல்லாம், அதாவது மேட்டுத் தோட்டமெல்லாம், தென்னையும் ரப்பரும். ஏலா ஓரத்தில் தென்னை சூழ்ந்த ஒரு வீடு என் படத்தில் மேட்டில் நின்றது. அந்த வீட்டுப் பாட்டி திண்ணையைத் தட்டிக் காட்டி, “மக்ளே, ஐப்பசி மழைக்குத் தண்ணி இதுவரைக்கும் ஏறும்” என்றார். சுவரில் கறை இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும், “சாட்டிலைட் அப்படிச் சொல்லலையே பாட்டி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்கு, தண்ணீர் ஏறாது என்று பச்சை நிறம் அடித்தேன்.

அறிந்தே செய்த ஒன்றும் உண்டு. எஸ்.ஆர்.டி.எம். தரவின் ஒரு கட்டம் 30 மீட்டர். உயரப் பிழை 16 மீட்டர் வரை போகலாம் என்பது அந்தத் திட்டமே வைத்துக்கொண்ட வரம்பு. அதை வைத்து நான் ஒரு மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு போட்டேன். படம் பார்க்க நன்றாக இருந்தது. எல்லோரும் நம்பினார்கள். நம்ப வேண்டும் என்றுதான் அப்படிப் போட்டேன்.

இன்று தொடங்கினால் 2011 முதல் 2015 வரை எடுத்த ரேடார் படங்களில் செய்த கோப்பர்னிக்கஸ் உயரத் தரவை எடுப்பேன். அதற்கும் தோப்பு தடைதான். ஆகவே அதிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கணித்துக் கழித்து, பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் தந்த ஃபேப்டெம்மையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அதுவும் 30 மீட்டர்தான். தோட்டின் (ஓடையின்) கரையும் ஏலா வரப்பும் அதில் தெரியாது. ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க அது போதும். ஒரு வீட்டுத் திண்ணையின் உயரம் வேண்டுமானால் உயரம் அளக்கும் டம்பி லெவலோடு இறங்கி நடக்க வேண்டும். தென்னை வீட்டிலிருந்து அந்த வேலையைத் தொடங்குகிறேன். என் படம் தப்பு என்று அந்தப் பாட்டியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்தப் படத்தின் நகலை வைத்திருப்பவர்கள் அதை நம்பி மண் நிரப்பவோ சுவர் கட்டவோ வேண்டாம். என்னிடமே திருப்பித் தந்துவிடுங்கள்.