குருதியின் மஞ்சள் நீர்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் நாட்டில் ஒரு கேள்வி வீடு வீடாகச் செல்லத் தொடங்கிவிடும். "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதே அந்தக் கேள்வி. காய்ச்சல் கண்ட பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னரே அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டில் பத்திரிகைக் காரியாலயத்திலும் பேருந்திலும் கோயில் வீதியிலும் இதே கேள்விதான் ஒலித்தது. ஆனால், டெங்கு உயிரைக் குடிப்பது பெரும்பாலும் வேறு வழியால். அதைப் புரிந்துகொள்ளக் குருதி எவற்றால் ஆனது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. அதில் சிறிதளவை உறையாதபடி மருந்திட்ட குழாயில் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் அது மூன்று படைகளாகப் பிரியும். அடியில் செந்நிறப் படை. அதன்மேல் நூலிழை போன்ற வெள்ளைப் படை. எல்லாவற்றுக்கும் மேலே, பாதிக்கும் சற்று அதிகமாக, வெளிர்மஞ்சள் நிற நீர்.

அடியில் தங்குபவை செங்குழியங்கள். நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றிச் சென்று உடலெங்கும் இறக்குவது அவற்றின் தொழில். அவற்றிலுள்ள ஈமோகுளோபினே குருதிக்குச் சிவப்பைத் தருகிறது. என்பு மச்சையிலே பிறக்கும் ஒரு செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் உழைத்துவிட்டு அழிகிறது. வெள்ளைப் படையில் இருப்பவை வெண்குழியங்களும் சிறுதட்டுக்களும். வெண்குழியங்கள் கிருமிகளை எதிர்ப்பவை. ஒரு கன மில்லிமீற்றரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். பிளேட்லெட் என்று நாம் சொல்லும் சிறுதட்டுக்கள், நாளத்தில் கீறல் விழுந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பவை. அதே அளவு குருதியில் அவை ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். ஆயுள் எட்டுப் பத்து நாட்களே.

மேலே நிற்கும் மஞ்சள் நீர்தான் திரவவிழையம், அதாவது பிளாஸ்மா. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். எனினும் குளுக்கோசு, உப்புக்கள், ஓமோன்கள், பிறபொருளெதிரிகள் யாவும் அதிலேதான் பயணம் செய்கின்றன. கழிவைச் சிறுநீரகத்திடம் சேர்ப்பதும் அதுவே. அதிலுள்ள அல்புமின் என்ற புரதம் தண்ணீரைக் குருதிக் குழாய்க்குள்ளேயே இழுத்து வைத்திருக்கிறது. அந்த நீர் குறைந்தால், செங்குழியங்கள் எத்தனை கோடி இருந்தாலும் அவற்றைச் சுமந்து செல்ல ஆறு இல்லை.

2017இல் தொழில் நண்பர் ஒருவர் இரவு தொலைபேசியில் அழைத்தார். அவருடைய 14 வயது மகள் கொழும்பில் வைத்தியசாலையில் இருந்தாள். "அண்ணை, பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு இறங்கிப்போச்சு. இரத்தம் குடுக்க ரெண்டு பேர் வேணும்" என்றார். இன்னொரு நண்பரையும் அழைத்துக்கொண்டு சென்றேன். பிள்ளைக்கு அன்று காலையில்தான் காய்ச்சல் விட்டிருந்தது. அதனால் தாயார் சற்று ஆறுதலாக இருந்தார். இளம் பெண் வைத்தியரோ அறிக்கையின் வேறொரு வரியில் விரலை வைத்தார். "அந்த எண்ணை விடுங்கோ. நாங்கள் பார்க்கிறது இதை" என்றார்.

அது பி.சி.வி. எனப்படும் எண். குருதியில் செங்குழியங்கள் எத்தனை வீதம் என்பதைச் சொல்வது. முதல் நாள் 38 ஆக இருந்தது அன்று 46 ஆகியிருந்தது. செங்குழியங்கள் பெருகிவிடவில்லை, அவற்றைச் சுமந்த நீர் குறைந்துவிட்டது. டெங்கு முற்றும்போது மயிர்த்துளைக் குழாய்களின் சுவர் தளர்ந்துவிடுகிறது. திரவவிழையம் நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிகிறது. குருதி தடிக்கிறது, அமுக்கம் வீழ்கிறது. பெரும்பாலும் இது தொடங்குவது காய்ச்சல் விடும் வேளையில். நீடிப்பது 24 முதல் 48 மணி நேரம். அந்நேரத்தில் சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. ஏனெனில், கசிந்த நீர் பின்னர் திரும்பி வரும்போது மிகை நீர் நுரையீரலை அடைத்துவிடும். அதனாலேயே தாதியர் அன்றிரவு முழுவதும் நாடித்துடிப்பையும் சிறுநீரின் அளவையும் மணிக்கு மணி குறித்துக்கொண்டிருந்தனர்.

கடும் இரத்தப்போக்கு இல்லாதவிடத்து, எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் சிறுதட்டுக்களை ஏற்றுவது வழமையன்று. நாங்கள் இருவரும் இரத்தம் கொடுக்காமலே திரும்பினோம். மூன்றாம் நாள் பி.சி.வி. பழைய நிலைக்கு வந்தது. சிறுதட்டுக்கள் தாமாகவே ஏறத் தொடங்கின.

பப்பாசி இலைச் சாற்றைப் பற்றி வெளிநாடுகளிலிருந்தும் கேட்டு எழுதுகிறார்கள். அது சிறுதட்டுக்களைக் கூட்டுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கசிவை நிறுத்தும் என்று எவரும் நிறுவவில்லை. அதை நம்பி வீட்டிலே கழிக்கும் ஒரு பகல் விலைமிக்கது.

ஆகவே, காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். பரசிட்டமோலைத் தவிர அஸ்பிரின், புருபன் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் விட்ட பின்னர் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "பி.சி.வி. எவ்வளவு? நேற்று எவ்வளவு?" என்றும் கேளுங்கள்.