கூகிளுக்குப் பிடித்த கருவாடு

இன்றைக்கு உங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். (சைவக் குடும்பத்துச் சகோதரிகள் கோபித்துக் கொள்ளாமல் வற்றல் குழம்பு என்று திருத்தி வாசித்துக் கொள்ளலாம்.) கருவாட்டை எத்தனை நேரம் வெந்நீரில் போட்டு வைப்பது என்பதில் ஒரு சின்னச் சந்தேகம் வந்து விடுகிறது. பக்கத்து வீட்டு அத்தையைக் கேட்கலாம். ஆனால் அந்த அம்மாள் பதில் சொல்வதற்கு முன்னால் தம் மருமகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அதற்குப் பயந்து கொண்டு கைபேசியைக் கேட்கிறீர்கள். அது என்ன செய்கிறது? ‘கருவாட்டுக் குழம்பு தமிழர்களின் பாரம்பரிய உணவுகளில் ஒன்றாகும்’ என்று தொடங்கி, கருவாட்டின் சரித்திரம், கருவாட்டின் மகிமை, கருவாட்டுக் குழம்பின் பத்து நன்மைகள் எல்லாவற்றையும் கடந்து, நீங்கள் கேட்ட வெந்நீருக்கு அது வந்து சேர்வதற்குள் அடுப்பில் புளி சுண்டி விடுகிறது. அத்தையே தேவலை என்று ஆகி விடுகிறது!

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? எல்லாம் வயிற்றுப் பிழைப்புக்காகத்தான். கோடிக்கணக்கான இணையப் பக்கங்களில் எதை முதலில் காட்டுவது என்று கூகிள் போன்ற தேடுபொறிகள் ஒரு கணக்குப் போட்டு முடிவு செய்கின்றன. முதல் பக்கத்தில் வந்தவர் கடையில் கூட்டம். பத்தாம் பக்கத்தில் வந்தவர் கடையில் ஈ. ஆகவே, ஜனங்கள் என்ன வார்த்தைகளைத் தட்டித் தேடுகிறார்களோ அவற்றையே தலைப்பிலும் முதல் வரியிலும் துணைத் தலைப்பிலும் வைத்து எழுதுவது ஒரு தனி வித்தையாக வளர்ந்து விட்டது. முன்பெல்லாம் கூலிக்கு இப்படி எழுதிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். 2022 நவம்பர் 30-ந் தேதி ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது. அதன் பிறகு அதுவும் அதன் பங்காளிகளுமாகச் சேர்ந்து, நாள் கணக்கில் ஆகிற வேலையை நிமிஷக் கணக்கில் முடித்துத் தருகின்றன. செயற்கை நுண்ணறிவு என்று கௌரவமாகச் சொல்கிறோம். பேச்சு வழக்கில் ‘ஏ.ஐ.’

இந்த வித்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? லைட்ஹவுஸ் குப்பம் வரையில் போயிருக்கிறது!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. துணி வியாபாரத்துக்காக வந்த டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்களே, அந்த ஊர்தான். அங்கே ஏரிப் பாலத்தைத் தாண்டினால் ஒரு நீண்ட மணல் திட்டு. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வங்காள விரிகுடா. திட்டின் மேல் நிற்கிற கலங்கரை விளக்கத்தின் பெயரையே குப்பமும் தாங்கிக் கொண்டிருக்கிறது.

சென்ற தை மாதத்தில் பத்திரிகை வேலையாக அங்கே போயிருந்தேன். கருவாடு காய்கிற வாசனை பாலத்திலேயே வந்து வரவேற்றது. நான் பார்க்கப் போன வீட்டில் தாயார் முப்பது வருஷமாகக் கருவாடு போடுகிறவர். மகள் பி.காம். படித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பெண். கைபேசியில் கருவாட்டுக்கென்று ஓர் இணையப் பக்கம் திறந்து வைத்திருந்தாள்.

“அக்கா, நான் பெரிசா ஒண்ணும் ஆசைப்படலை” என்றாள் அவள். “அம்மா கூடையிலே கொண்டு போனா வியாபாரி சொல்றதுதான் விலை. அதே கருவாடு மெட்ராஸ்லே பாக்கெட்டுலே ஏறினா வேற விலை. வாங்கறவங்க நேரா நம்மகிட்ட வரணும்னா, அவங்க தேடற எடத்துலே நம்ம பேரு தெரியணும் இல்லே?”

நியாயந்தானே? பெயர் தெரிவதற்கு அவள் ஏ.ஐ.யைத் துணைக்கு அழைத்திருந்தாள். ‘எங்கள் கருவாட்டைப் பற்றிக் கூகிளுக்குப் பிடித்த மாதிரி ஒரு கட்டுரை எழுது’ என்று என் எதிரிலேயே தட்டினாள். ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை. தடங்கலின்றி, எழுத்துப் பிழையின்றிக் கட்டுரை வந்து விட்டது. ‘சென்னையில் சிறந்த கருவாடு’ என்ற சொற்றொடர் மாத்திரம் அதில் பதினோரு இடத்தில் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். அதோடு விட்டதா? கருவாடு மூட்டு வலியைப் போக்குமாம், சர்க்கரை வியாதியைக் கட்டுப்படுத்துமாம், இதயத்தைக் காக்குமாம்!

மகள் உரக்கப் படித்துக் கொண்டிருந்தாள். திண்ணையில் நெத்திலியைத் தரம் பிரித்துக் கொண்டிருந்த தாயார் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாடி இது? நீ கருவாடு விக்கிறியா, மருந்து விக்கிறியா?”

இதைவிடச் சுருக்கமாக யாரால் விமரிசனம் செய்ய முடியும்? உப்புப் போட்ட கருவாட்டை ரத்த அழுத்தக்காரர்கள் அளவோடுதான் தொட வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. உணவுப் பொருளைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்தால், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் உண்டு. எழுதியது இயந்திரம், ஆனால் பக்கத்தின் அடியில் இருப்பது இந்தப் பெண்ணின் பெயர். அபராதம் இயந்திரத்தைத் தேடிக் கொண்டு போகாது!

அதைக்கூடச் சிரித்து விட்டு அழித்து விடலாம். அடுத்த கட்டுரைக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஊரைப் பார்க்க வருகிறவர்கள் கருவாடும் வாங்குவார்கள் அல்லவா? அதனால் ஊரைப் பற்றியும் ஒன்று எழுதச் சொன்னாள். ‘இயற்கையின் மடியில் மறைந்திருக்கும் சொர்க்கம்’ என்று ஆரம்பமாயிற்று. பூநாரைகள் வந்தன, டச்சுக் கல்லறைகள் வந்தன, எல்லாம் சரி. பிறகு, ‘குடும்பத்துடன் படகுச் சவாரி செய்து, ஏரி கடலோடு சேரும் அழகைக் கண்டு களியுங்கள்’ என்று ஒரு வரி.

தாயாரின் கை அப்படியே நின்று விட்டது.

“இன்னா படிச்சே? படகு சவாரியா? அதை எடுத்துடு.”

“எல்லா எடத்துலேயும் அப்படித்தாம்மா போட்டிருக்கு.”

“போட்டிருந்தா போட்டுட்டுப் போறாங்க. முகத்துவாரத்தண்டை தண்ணி எப்படி இழுக்கும்னு உன் மிஷினுக்கு இன்னா தெரியும்? அன்னிக்குக் கரையிலே நின்னவ நான்.”

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் பண்டிகை. உல்லாசமாகப் பொழுது போக்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு ஒன்று பழவேற்காட்டில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்து போனார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. அதன் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தார்கள்.

இயந்திரம் ஏன் அப்படி எழுதிற்று? அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நல்ல எண்ணமும் இல்லை என்பதுதான் விஷயம். மலை மலையாகக் குவிந்த எழுத்துக்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோக்கிற யந்திரம் அது. ‘ஏரி’ என்றால் ‘படகுச் சவாரி’ என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அதுவும் எழுதி விட்டது. முகத்துவாரத்தை அது பார்த்ததில்லை, கரையில் நின்றதில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணின் பக்கத்தில் இந்த வரி ஏறினால், அதைப் பார்த்து இன்னோர் இயந்திரம் எழுதும். பொய் இப்படித்தான் பத்துப் பேர் சாட்சியோடு உண்மையாகி விடுகிறது.

படிக்காத குப்பம், அதனால்தான் இப்படி என்று யாராவது நினைத்தால், சீமையில் நடந்ததையும் சொல்லி விடுகிறேன். அமெரிக்காவில் ‘சிநெட்’ என்ற பிரபல இணையப் பத்திரிகை பண விவகாரங்களைப் பற்றி ஏ.ஐ.யைக் கொண்டு 77 கட்டுரைகள் தயாரித்து வெளியிட்டிருந்தது. 2023 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டுச் சரி பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவற்றில் திருத்தம் போட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் தளத்தில் கனடாவின் ஒட்டாவா நகரத்தைப் பற்றி ஒரு பிரயாணக் கட்டுரை வந்தது. பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக, ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் தரும ஸ்தாபனத்தைக் குறிப்பிட்டு, வெறும் வயிற்றோடு போனால் நல்லது என்று யோசனையும் சொல்லியிருந்தது! கணினி முறையும் மனிதர் பார்வையும் கலந்து தயாரானது என்று கம்பெனியார் விளக்கம் கூறி, கட்டுரையை எடுத்து விட்டார்கள்.

சரி, கூகிளுக்காவது இதெல்லாம் பிடிக்கிறதா? அதுதான் வேடிக்கை. ஒரே சொல்லைத் திணித்துத் திணித்து எழுதுவதைக் கூகிள் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தை எடை போடுகிறவர்களுக்கான வழிகாட்டியில் ‘அனுபவம்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதாவது, எழுதியவர் அந்தக் காரியத்தைத் தாமே செய்து பார்த்தவரா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் எழுதியது என்பதற்காக மட்டும் ஒரு பக்கத்தைத் தள்ளுவதில்லை என்று 2023 பிப்ரவரியில் தெளிவு படுத்தினார்கள். ஆனால் யாருக்கும் பிரயோஜனமில்லாத பக்கங்களைத் தேடலில் முந்துவதற்காகவே குவித்தால், மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் தண்டனை என்று 2024 மார்ச்சில் விதி செய்தார்கள்.

அனுபவம்! அது அந்தத் திண்ணையில் நெத்திலி ஆய்ந்து கொண்டு உட்கார்ந்திருந்தது.

“ஏம்மா, அம்மாவையே பேசச் சொல்லேன். அதைப் பதிவு பண்ணு” என்றேன் மகளிடம். தாயார் முதலில் வெட்கப்பட்டார். பிறகு நிறுத்த முடியவில்லை.

“நெத்திலியை மணல்லே காயப் போட்டா நாக்குலே நறநறங்கும். வலை விரிச்சு அதும் மேலே போடணும். உச்சி வெயிலுக்கு முன்னே ஒரு வாட்டி பெரட்டி விடணும். பனி எறங்கறதுக்குள்ளே வாரிடணும். ஒடிச்சா படக்குன்னு ஒடியணும். வளைஞ்சா ஈரம் நிக்குது, வாங்காதே. ஐப்பசி கார்த்திகையிலே எங்கிட்டே புதுசு கேக்காதே, மழையிலே எங்கே காயும்? ஸ்ரீஹரிகோட்டாவுலே ராக்கெட் உடற அன்னிக்குக் கடலுக்குப் போவக் கூடாதும்பாங்க. அன்னிக்கு மீனு ஏது? குழம்புக்கா? தலையைக் கிள்ளிட்டு, வெந்நீர்லே அஞ்சு நிமிசம் போட்டு, ரெண்டு வாட்டி அலசினா போதும். ரொம்ப ஊறினா கரைஞ்சு பூடும்.”

வெந்நீர்ச் சந்தேகத்துக்கு விடை கிடைத்ததா, சகோதரிகளே?

இந்தப் பேச்சை அப்படியே இயந்திரத்திடம் கொடுத்தாள் மகள். ‘அம்மா சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதே. துணைத் தலைப்புப் போட்டு வரிசைப்படுத்து. ஆங்கிலத்திலும் ஒரு பிரதி கொடு’ என்று கண்டிப்பாகச் சொன்னாள். இப்போது வந்தது பாருங்கள், அது கட்டுரை! ‘நல்ல நெத்திலிக் கருவாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?’ என்று தலைப்பு. தேடுகிறவர்கள் தட்டக்கூடிய வார்த்தைகளே அவை. ஆனால் கீழே இருந்தது முப்பது வருஷத்து உழைப்பு. ‘பெரட்டி’ என்பதை அது ‘புரட்டி’ என்று மாற்றியதைத் தாயார் ஒப்புக்கொண்டார். “படிச்சவங்க அப்படித்தான் சொல்வாங்க” என்றார். ‘சுவையான பாரம்பரியம்’ என்று அது சொல்லாமல் கொள்ளாமல் நுழைத்ததை மகள் பிடித்து வெளியே தள்ளினாள். ஊர்க் கட்டுரையில் படகு போயிற்று. அந்த இடத்தில், பாலம் வழியாகவே குப்பத்துக்கு வரலாம் என்ற செய்தியும், ‘தண்ணீரில் இறங்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கையும் ஏறின. முதல் பக்கத்தில் வருமா என்பது கூகிளுக்கே வெளிச்சம். ஆனால் வாங்கி ஏமாறுகிறவர் இருக்க மாட்டார்.

உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலிருந்தபடியே ஊறுகாயும் அப்பளமும் போட்டு விற்கிறீர்கள், ரவிக்கை தைக்கிறீர்கள், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். எழுத உட்கார்ந்தால் பேனா ஓடாது என்று கூசுகிறவர்களுக்கு இந்த இயந்திரம் நல்ல துணை. தாராளமாக வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் சமையற்காரியாக வைத்துக் கொள்ளாதீர்கள், சுற்று வேலைக்கு வைத்துக் கொள்ளுங்கள். காய் நறுக்கட்டும்; பாத்திரம் அடுக்கட்டும்; உப்பையும் புளியையும் நீங்கள் போடுங்கள். முதலில் உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு அதை ஒழுங்கு படுத்தச் சொல்லுங்கள். வந்ததை, விஷயம் தெரிந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் கை எங்கே நிற்கிறதோ, அந்த வரியை யோசிக்காமல் எடுத்து விடுங்கள்.

அப்படியே, கருவாடு வாங்கும்போது ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். படித்ததும் கேட்டதும் எதுவானாலும், ஒடித்துப் பார்த்துத்தானே வீட்டுக்குள் விட வேண்டும்?